பேப்பர் கர்ட்டன்ஸ் மறுபடி பாடுகிறார்கள்

ஹல்
பிப்ரவரி 9

ஷம்,

என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய் என்பது உறைக்கவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. முதலில் உன் போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கடைசியில், தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்று கேரவன் ஜன்னலுக்கு ரப்பர் பட்டை ஒட்டுகிற டெப்ஸ், தன் போனிலிருந்து அடித்துப் பார்த்தாள். உடனே எடுத்தாய். "ஹலோ, யாரு?" என்று தேன் போலக் கேட்டாய். டெப்ஸ் பயந்துபோய் வைத்துவிட்டாள்.

ஆகவே தபால். நாம் தொடங்கியதே தபாலில்தானே. லீட்ஸில் பேப்பர் கர்ட்டன்ஸ் கச்சேரி முடிந்து நீ பஸ்ஸைப் பிடிக்க ஓடினாய், நான் சிகரெட் அட்டையைக் கிழித்து முகவரி எழுதிக் கொடுத்தேன். அப்போது நமக்குப் பதினேழு வயது. இப்போது எனக்கு முட்டி வலிக்கிறது, உனக்குச் சர்க்கரை இருக்கிறது, பேப்பர் கர்ட்டன்ஸ் மறுபடி சேர்ந்து பாடப்போகிறார்கள். நடக்கவே நடக்காது என்று நாம் சத்தியம் பண்ணிய விஷயம்!

டிக்கெட் எப்படிக் கிடைத்தது என்றாவது கேட்டாயா? தேநீர் இடைவேளையில் ஜன்னல் பிரிவு முழுக்க எனக்காகத் தங்கள் போன்களில் ஆன்லைன் வரிசையில் நின்றது. "கிழவிக்கு வந்த வாழ்வைப் பாரு"ன்னு கேலி பண்ணிக்கொண்டே நின்றார்கள். கிடைத்தபோது நான் போட்ட கூச்சலில், யாருக்கோ விரல் போய்விட்டது என்று மேஸ்திரி முதலுதவிப் பெட்டியோடு ஓடிவந்தார். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் உன்னைத்தான் கூப்பிட்டேன். ஜூலை 12, லீட்ஸ், பூங்காவில், உனக்கு ஒன்று எனக்கு ஒன்று.

நீ "அப்படியா" என்றாய். "நீ போயிட்டு வா" என்றாய். வைத்துவிட்டாய்.

நம் பாடகன் லயனல் கிரீவ் டிவியில் பேசியதுதான் காரணம் என்று தெரிகிறது. அவன் ஒரு மடையன், ஷம். நன்றாகப் பாடத் தெரிந்த மடையன். உங்கள் ஆட்கள் குடியிருக்கிற பிராட்ஃபோர்ட் தெருவில் நடந்தால் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியவில்லையாம். அந்த ஆள் பல வருஷமாகப் போர்ச்சுகலில் குடியிருக்கிறான், அவனுக்குத் தெரு ஒரு கேடு. ஆனால் 'முன்னிருக்கை' பாட்டை எழுதியது இந்தக் கிழவன் இல்லையே. பஸ் மாடியில் முன்னிருக்கையில் உட்கார்ந்து ஊரைவிட்டு ஓட நினைக்கிற பெண்ணைப் பற்றி ஒரு இருபத்துமூன்று வயதுப் பையன் எழுதினான். அது உன் பாட்டு. நீயே அப்படித்தான் சொல்வாய்.

டிக்கெட்டை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

கெய்னர்

*

பிராட்ஃபோர்ட்
பிப்ரவரி 17

கெய்னர்,

டெப்ஸிடம் பயப்பட வேண்டாம் என்று சொல். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

நீ கூப்பிட்டபோது நான் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஒரு மாணவனின் வீட்டு வாசலில் காரில் உட்கார்ந்திருந்தேன். நீ போட்ட கூச்சல் காதைக் கிழித்தது. ஒரு நொடி எனக்கும் தூக்கிவாரிப் போட்டது. சந்தோஷத்தில்தான். அந்த ஆள் பேசியதெல்லாம் அந்த ஒரு நொடிக்கு மறந்தேபோயிற்று. அதை ஒத்துக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

அப்புறம் உன் பின்னால் டெர்ரியின் குரல் கேட்டது. உன் சமையலறையில் குரல் எவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று உனக்கே தெரியும். "அந்தப் பாட்டுக்காரன்தானே? பிராட்ஃபோர்டப் பத்தி அவன் சொன்னதுல என்ன தப்பு? எல்லாரும் மனசுல நெனைக்கிறத அவன் வாய்விட்டுச் சொன்னான்" என்றார் உன் கணவர்.

நீ சிரித்தாய்.

பெரிதாக இல்லை. தும்மலை அடக்குகிற மாதிரி ஒரு சிரிப்பு. சிரித்துவிட்டு, லீட்ஸுக்கு எந்த ரயிலில் வருவாய் என்று என்னிடம் சொல்லத் தொடங்கினாய்.

லயனல் கிரீவை நான் ஏற்கனவே இழந்துவிட்டேன். டிவியில் அந்த வார்த்தையைக் கேட்ட அன்றே இசைத்தட்டுகளைப் பரணில் ஏற்றிவிட்டேன். என்னவர் சலீமுக்கு ஒரே கொண்டாட்டம். "அவன் அதைச் சொல்றதுக்கு முன்னாடியே எனக்கு அவன் குரல் பிடிக்காது, பல் வலிக்காரன் மாதிரி பாடறான்" என்றார். அதோடு முடிந்தது. அவன் எனக்கு யாரோ. என் கல்யாணத்துக்கு ஹல்லிலிருந்து வந்து, கையெல்லாம் மருதாணி போட்டுக்கொண்டு, அடுத்த வாரம் தொழிற்சாலையில் எல்லாரிடமும் நீட்டிக் காட்டியது நீ. அவன் பேசியது டிவியில் கேட்டது. உன் சிரிப்பு என் காதுக்குள் கேட்டது.

டிக்கெட்டை டெர்ரிக்குக் கொடு. அவருக்குத்தான் அவனை இப்போது பிடிக்கிறதே.

ஷமீம்

*

ஹல்
பிப்ரவரி 25

ஷம்,

சிரித்தேனாமே! எனக்கு நினைவே இல்லை. சிரித்திருந்தால் டெர்ரி வாயை அடைக்கத்தான் சிரித்திருப்பேன். அந்த மனுஷனோடு வாதம் பண்ணினால் இரவுச் சாப்பாடு ஆறிப்போகும் வரை நிறுத்த மாட்டான். உனக்கு அது தெரியாதா? எத்தனை தடவை எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறாய். நீ ஹலால் கோழி கொண்டுவந்தால் முதல் தட்டு அவன் தட்டுதான். அவன் பேசுவது பேச்சு, அவ்வளவுதான். மனசில் ஒன்றும் இல்லை.

ஒரு சிரிப்புக்கு இத்தனை வருஷத்தைத் தூக்கிப் போடுவாயா? லீட்ஸில் கூட்டம் முன்னால் தள்ளியபோது நீ கீழே விழுந்தாய். உன் தலைமுடியில் ஒருத்தன் பூட்ஸ் காலோடு நின்றான். யார் உன்னை இழுத்து எடுத்தது? வெளியே உங்களை மாதிரி ஆட்களை அடிக்க அலைகிற அந்த மொட்டைத் தலைப் பையன்கள் நின்றபோது யார் தன் கோட்டைக் கழற்றி உன் தலையைச் சுற்றிப் போட்டுப் பஸ் நிறுத்தம் வரை கூட வந்தது? லயனல் கிரீவா வந்தான்?

நான் கெட்டவளாக இருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இதை எழுதிவிட்டு ஒரு நாள் மேஜையிலேயே வைத்திருந்தேன். கிழிக்கலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை.

கெய்னர்

*

பிராட்ஃபோர்ட்
மார்ச் 4

கெய்னர்,

கோட்டுக்கு நன்றி. அன்றைக்கே சொன்னதாக ஞாபகம். மறுபடியும் சொல்லிவிட்டேன்.

இனி எழுத வேண்டாம்.

ஷமீம்

பின்குறிப்பு: டிரம்ஸில் பாலின் இல்லை என்று செய்தி வந்திருக்கிறது. யாரோ ஒரு கூலிப் பையனாம். பாலின் இல்லாமல் அது பேப்பர் கர்ட்டன்ஸே இல்லை. இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் கிடைக்காததால் உன்னிடம் சொல்கிறேன். பதில் வேண்டாம்.

*

ஹல்
மார்ச் 20

ஷம்,

பாலின் இல்லாமலா! தெரிந்ததும் கையிலிருந்த ஜன்னல் கண்ணாடியைக் கீழே போட்டிருப்பேன். இன்றைக்குக் கிடாரைத் தொடுகிற ஒவ்வொரு பையனும் நம் கிடார்காரன் சைக்ஸைத்தான் காப்பியடிக்கிறான் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அந்தக் கிடாரைக் கீழே விழாமல் தாங்கியது பாலின் கைகள் என்று ஒருத்தன்கூட எழுதவில்லை. அவளைக் கேட்கவே இல்லையாம். இணையத்தில் ஒரு ரசிகர் பக்கத்தில் படித்தேன். அங்கே பாதிப்பேர் அழுகிறார்கள், பாதிப்பேர் அடித்துக்கொள்கிறார்கள்.

நீ பதில் வேண்டாம் என்றாய். இது பதில் இல்லை, ஆமோதிப்பு.

இன்னொன்று. டெர்ரி அந்த இரண்டாவது டிக்கெட்டைக் கேட்கிறான். முப்பது வருஷமாக என் இசைத்தட்டுகளைப் போட்டால் கதவைச் சாத்திக்கொண்டவன். "எதுக்கு?"ன்னு கேட்டேன். "பாட்டு கெடக்குது கழுத. ஆளு இப்பத்தான் உருப்படியா பேசறான். அவனுக்குக் கை தட்டணும்" என்கிறான்.



கெய்னர்

*

பிராட்ஃபோர்ட்
ஏப்ரல் 27

கெய்னர்,

இதைக் கத்தி எழுதுவதா சிரித்து எழுதுவதா என்று தெரியவில்லை. சனிக்கிழமை நடந்தது உனக்கும் தெரியும். ஆனால் நீ ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. அதனால் நடந்ததை நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து சொல்கிறேன்.

புது மாணவி, பெயர் டி. பார்க்கர், பிராட்ஃபோர்ட் ரயில் நிலைய வாசலில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று செய்தி வந்திருந்தது. போனேன். நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் முதல் நாள் விட்ட குழந்தை மாதிரி நீ நிற்கிறாய். அப்படியே ஓட்டிக்கொண்டு போயிருப்பேன். பின்னால் பஸ் நின்றது. நீ கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டாய்.

"ஷம், ஒரு மணி நேரம் மட்டும்..." என்றாய்.

"லேர்னர் லைசென்ஸக் காட்டுங்க" என்றேன்.

இத்தனை வருஷத்தில் உன்னை நான் 'நீங்க' என்று சொன்னதே இல்லை. உன் முகம் செத்துப்போயிற்று. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாய். நான் சத்தமாகப் படித்தேன். "கெய்னர் ஸ்டேதர். பார்க்கர்னு சொன்னாங்களே?"

"டெப்ஸோட பேரு."

"சரி. இதுக்கு முன்னாடி ஓட்டியிருக்கீங்களா?"

"உனக்குத் தெரியாதா?"

"எல்லா மாணவர்கிட்டயும் கேக்கறதுதான்."

"இல்ல. எப்பவும் டெர்ரிதான் ஓட்டுவான்."

"இனிமே நீங்க ஓட்டலாம். இருக்கையை முன்னால இழுங்க. கண்ணாடியப் பாருங்க. என்னைப் பாக்காதீங்க, கண்ணாடிய."

காலியான ஒரு கார் நிறுத்தத்துக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுத்தேன். நீ மோசம் என்று சொல்ல முடியாது. பயந்தவர்கள் கவனமாக ஓட்டுவார்கள். கடைசியில் தெருவுக்கு விட்டது என் தப்பு. ரவுண்டானா வாயில் இஞ்சினை அணைத்துவிட்டாய். மறுபடி கிளப்பினாய், மறுபடி அணைந்தது. பின்னால் ஒரு வெள்ளை வேன் ஹாரனில் ஏறி உட்கார்ந்தது. அப்புறம் நம் பக்கத்தில் வந்து நின்றது. அந்த ஆள் உன்னைப் பார்க்கவில்லை. உன்னைத் தாண்டி என்னைப் பார்த்தான்.

"இவ சொல்லிக்கொடுத்தா வேற எப்படி இருக்கும்? உங்க ஊருக்குப் போயி ஒட்டகம் ஓட்டக் கத்துக்கொடும்மா!" என்றான்.

கெய்னர், நீ சிரித்தாய். அதே சிரிப்பு. தும்மலை அடக்குகிற மாதிரி.

வேன் போய்விட்டது. நீ வாயைக் கையால் பொத்திக்கொண்டாய். கார் ரவுண்டானா வாயில் நிற்கிறது. நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "கிளட்ச மெதுவா விடுங்க" என்றேன். மாதத்துக்கு ஒரு தடவையாவது இப்படி ஒருவன் ஜன்னலை இறக்குகிறான். காரை நகர்த்துவதுதான் என் வேலை.

ரயில் நிலையத்தில் இறங்கும்போது நீ எதுவும் பேசவில்லை. ஒரு மணி நேரம் பேச வந்தவள். நல்லவேளை.

ஷமீம்

*

ஹல்
மே 6

ஷம்,

என் அப்பா குடித்துவிட்டு வந்து கையை ஓங்கும்போது நான் சிரிப்பேன். சிரித்தால் அவருக்கு ஒரு கணம் குழம்பும், அந்தக் கணத்தில் நானும் தம்பியும் பின்கட்டு வழியாக ஓடிவிடலாம். இதை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும். இப்போது சொல்வது மன்னிப்பு வாங்க இல்லை. அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று நானே ரயிலில்தான் கண்டுபிடித்தேன். ரயில் செல்பி என்கிற ஊரைத் தாண்டும்போது கண்டுபிடித்தேன், ஹல் வரும்வரை அழுதேன். எதிரில் இருந்த பெண் காகிதக் கைக்குட்டைப் பொட்டலத்தையே தள்ளிவிட்டாள்.

ஆனால் பார், அந்தச் சிரிப்பு அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது. இன்றைக்கும் என்னைத்தான் காப்பாற்றுகிறது. உன்னை இல்லை. வேன்காரன் உன்னைத் திட்டினான், நான் சிரித்து என்னை அவன் பக்கத்தில் சேர்த்துக்கொண்டேன். அது எனக்கு இப்போது தெரிகிறது. தெரிந்ததும் தூக்கம் போயிற்று.

டெர்ரியிடம் டிக்கெட் கிடையாது என்று சொல்லிவிட்டேன். "யாருக்குக் குடுக்கப்போற? அவளுக்கா? அவதான் உன்ன மதிக்கறதே இல்லையே" என்றான். எப்போதும் போலச் சிரிக்க வாய் போயிற்று. சிரிக்கவில்லை. சும்மா அவனையே பார்த்தேன். "என்னடி அப்படிப் பாக்கற?" என்றான். "ஷமீம் கோழி கொண்டுவந்தா மொதல் தட்டு உன் தட்டு. இன்னொரு தடவ அந்தப் பேச்சு இந்த வீட்ல வேண்டாம்" என்றேன். அவன் எழுந்து போய்க் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டான்.  

கச்சேரிக்குப் போவதா வேண்டாமா என்று தெரியவில்லை. போகக்கூடாது என்று நினைத்தால் சைக்ஸின் கிடார் தலைக்குள் வாசிக்கிறது. போகலாம் என்று நினைத்தால் பக்கத்தில் ஆயிரம் டெர்ரி நிற்கிறார்கள். நீ என்ன நினைக்கிறாய்? நீ போகச் சொல்ல மாட்டாய், தெரியும். போகாதே என்றாவது சொல்.

கெய்னர்

*

பிராட்ஃபோர்ட்
ஜூன் 15

கெய்னர்,

போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். அதையும் என் தலையில் கட்டாதே.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். உன் அப்பாவைப் பற்றிப் படித்ததும் உன்னைக் கூப்பிடப் போனை எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். இரண்டும் உண்மை.

இங்கே என் வீட்டிலும் அமைதி இல்லை. ஆலியா கச்சேரிக்கு டிக்கெட் வாங்கியிருக்கிறாள். எனக்குத் தெரியாமல் இல்லை, சாப்பாட்டு மேஜையில் எல்லார் முன்னாலும் சொன்னாள். இருபத்தேழு வயது மகளை நான் என்ன செய்ய?

"அந்த ஆளு உன்னையும் உன் பாட்டியையும் பத்தி என்ன சொன்னான்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும் அம்மி. ஆனா என்னத் தூங்கவைக்க நீ பாடினது அந்தப் பாட்டுத்தான். அது எங்க அம்மா பாட்டு. அதுலேருந்து என்ன வெளிய போன்னு சொல்ல அவன் யாரு?"

"அவன்தான் எழுதினான்."

"எழுதட்டுமே. இந்த ஊரையுந்தான் யாரோ கட்டினாங்க. அதுக்காக நாம போயிடறமா?"

சலீம் கையைத் தட்டினார். அவர் யார் பக்கம் என்று அவருக்கே தெரியாது.

எனக்கு அவள் சொன்னது சரி என்றும் படுகிறது, குழந்தைத்தனம் என்றும் படுகிறது. அவள் கொடுத்த பணத்தில்தானே அவன் போர்ச்சுகலில் வெயில் காய்வான். அப்புறம் யோசித்தேன், நான் ஏன் தட்டுகளைப் பரணில் ஏற்றினேன், குப்பையில் போடவில்லை?

நேற்று மாணவன் வராததால் காரில் சும்மா இருந்தேன். வானொலியில் 'முன்னிருக்கை' வந்தது. அணைக்கக் கையை நீட்டினேன். கை பொத்தான் மேலேயே நின்றுவிட்டது. பாட்டு முடிந்தபிறகுதான் அணைத்தேன். முடிந்தபிறகு அணைத்து என்ன பயன்?

நான் கச்சேரிக்கு வரவில்லை. ஆலியாவைக் கொண்டுபோய் வாசலில் விடுவேன், அவ்வளவுதான்.

ஷமீம்

*

ஹல்
ஜூலை 14

ஷம்,

போனேன். தனியாகப் போனேன். உன் டிக்கெட்டை யாருக்கும் கொடுக்கவில்லை.

நான் பொய் சொல்லப்போவதில்லை. சைக்ஸ் முதல் கம்பியைத் தொட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சுற்றிலும் நம் வயதுக்காரர்கள், தொப்பையும் வழுக்கையுமாக, ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு. முன்னால் இளசுகள். எல்லாருக்கும் எல்லா வரியும் தெரிகிறது. டிரம்ஸ் பையன் மோசமில்லை, ஆனால் பாலின் இல்லை. எனக்குப் பின்னால் ஒருத்தர் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் "பாலின் எங்கே?" என்று கத்திக்கொண்டே இருந்தார். வாழ்க அவர்.

பாதியில் அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினான். பேசாமல் இருப்பான் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். "இது இன்னும் நம்ம ஊருதானே? யாராவது சொல்லுங்களேன்" என்றான், அந்தச் சிணுங்கல் குரலில். ஒரு பக்கம் ஆமாம் ஆமாம் என்று கத்தினார்கள். இன்னொரு பக்கம் அவனை எதிர்த்து ஊளையிட்டார்கள். நடுவில் நின்றவர்களுக்குத் தங்கள் ஷூவைப் பார்க்க வேண்டியதாயிற்று. நானும் நடுவில்தான் நின்றேன்.

அப்புறம் கொஞ்சம் தள்ளுமுள்ளு. என் மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது. அது பெரிய விஷயம் இல்லை. 'முன்னிருக்கை' பாடும்போது மேடை எனக்கு வெறும் வெளிச்சத் திட்டாகத்தான் தெரிந்தது. அதுவும் நல்லதுதான். அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

ரயிலில் வரும்போது இருப்புக்கொள்ளவில்லை. முப்பது வருஷம் காத்திருந்தது கிடைத்துவிட்டது, சந்தோஷமாகவும் இருந்தது, யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லக்கூடிய ஒரே ஆளிடம் சொல்ல முடியாது. அதைவிட மோசமான ரயில் பயணம் எனக்கு வாய்த்ததில்லை.

டெர்ரி நிலையத்துக்கு வந்து நின்றான். நான் கேட்கவில்லை, அவனாக வந்தான். "எப்படி இருந்துச்சு?" என்றான். "பாட்டு நல்லாருந்துச்சு. அவன் பேச்சுல கை தட்டற விஷயம் ஒண்ணும் இல்ல" என்றேன். கார் கதவைத் திறந்துவிட்டான். வழியில் வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவன் மாறுவானா என்று எனக்குத் தெரியாது. வாயை மூடிக்கொள்ளக் கற்றுக்கொள்கிறான். அது வேறு, இது வேறு என்று எனக்கும் தெரியும்.

கெய்னர்

*

பிராட்ஃபோர்ட்
ஜூலை 19

கெய்னர்,

கண்ணாடி எப்படி உடைந்தது என்று நீ எழுதவில்லை. ஆலியா சொன்னாள்.

அவளும் தோழிகளும் உனக்கு இடப்பக்கம் நின்றிருக்கிறார்கள். உன் கோட்டை வைத்து அடையாளம் தெரிந்து, உன்னிடம் வர வழி தேடிக்கொண்டிருந்தாளாம். அப்போதுதான் அவன் மைக்கில் அதைக் கேட்டான். உன் பக்கத்தில் நின்ற தடியன் உன் தோளில் கையைப் போட்டு, "சத்தமாச் சொல்லு தங்கம், நம்ம ஊருதான்னு சொல்லு! அந்த பிராட்ஃபோர்ட்காரனுங்க காதுல விழட்டும்" என்றானாம். நீ கையை எடுத்துவிட்டாயாம்.

"சும்மா ஒரு சிரிப்புக்குத்தான சொன்னேன்?" என்றானாம் அவன்.

"எனக்குச் சிரிப்பு வரல" என்றாயாம் நீ.

அவன் குனிந்து உன் முகத்துக்கு நேராக மறுபடி அதையே சொன்னான். நீயும் மறுபடி அதையே சொன்னாய். கத்தவில்லையாம். கடைக்காரரிடம் சில்லறை இல்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாயாம். அவன் தள்ளினான், கண்ணாடி விழுந்தது, யாரோ மிதித்தார்கள். "பாலின் எங்கே"க்காரர்தான் நடுவில் வந்து நின்றாராம். ஆலியா வந்து சேர்வதற்குள் நீ கூட்டத்தில் காணாமல் போய்விட்டாய். இதைச் சொல்லும்போது அவள் அழுதாள். நான் பாத்திரத்தை ரொம்ப நேரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

நீ இதை எழுதாமல் விட்டதால்தான் நான் இதை எழுதுகிறேன். கோட்டுக் கணக்கைப் போல இதையும் எழுதியிருந்தால் படித்துவிட்டு மூடி வைத்திருப்பேன்.

இப்போது என் பங்குக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆலியாவை வாசலில் விட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போகவில்லை. பூங்காச் சுவருக்கு வெளியே காரை நிறுத்தினேன். அங்கே என்னைப் போல ஒரு சின்னக் கூட்டமே இருந்தது. டிக்கெட் கிடைக்காதவர்கள் என்று நினைத்தேன். இல்லை. மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒருவர், "அவனுக்குக் காசு குடுக்கமாட்டேன். ஆனா கேக்காம இருக்கவும் முடியல. நீங்க?" என்றார். "நானும் அப்படித்தான்" என்றேன். பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அவர் தேநீர் போடுவதில் கெட்டிக்காரர் இல்லை.

'முன்னிருக்கை' தொடங்கியது. அது மோசமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் வந்திருந்தேன். கிழட்டுக் குரல், கூலி டிரம்ஸ், காசுக்குப் பாடுகிற பாட்டு. அப்படி இருந்திருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன். பாட்டு நன்றாகவே இருந்தது, கெய்னர். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நாற்காலிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாவது சரணத்தில் அவன் குரல் கேட்கவில்லை. முதலில் மைக் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். உள்ளே இருந்த அத்தனை பேரும் பாடினார்கள். சுவர் தாண்டி வந்தது அவர்கள் குரல் மட்டும்தான். ஊளையிட்டவர்களும் ஷூவைப் பார்த்தவர்களும் அந்தத் தடியனும்கூடப் பாடியிருப்பார்கள். அதற்குள் ஆலியா எங்கே, நீ எங்கே என்று காது கொடுத்துப் பார்த்தேன். பிரிக்க முடியவில்லை. அப்புறம் பார்த்தால் நானும் பாடிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஆளை நான் மன்னிக்கவில்லை. தட்டுகள் பரணில்தான் இருக்கும். உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே, அதைக் கேட்டால் மறுபடி கோபம் வருகிறது. உன் நம்பரைத் திறந்துவிட்டேன். அது வேறு.

அடுத்த ஞாயிறு மத்தியானம் வீட்டில் இருப்பேன். சலீம் ஆட்டுக்கறி செய்கிறார், உப்பு கூடத்தான் இருக்கும், சொல்லிவிட்டேன். வா.

டெர்ரியைக் கூட்டி வராதே. இன்னும் இல்லை.

ஷம்